அமெரிக்கப் பல்கலையில் தமிழ் மாணவர் சங்கம்: பதிவு முதல் பொங்கல் வரை

கேள்வி | புதுவரவு
டெக்சாஸில் ஓர் அரசுப் பல்கலை. தமிழ் மாணவர் சங்கத்துக்கு விண்ணப்பித்தால், "இந்திய மாணவர் சங்கம் இருக்கிறதே, நோக்கம் ஒன்றுதானே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எஸ்பி 17 என்ற டெக்சாஸ் மாநிலச் சட்டம் வந்தபின் மொழி, இனம் சார்ந்த குழுக்களுக்கே இடமில்லை என்றும் சிலர் கிளப்பிவிடுகிறார்கள். உண்மையா? ஜனவரியில் பொங்கல் வைக்கும் எண்ணமும் இருக்கிறது.

பதில் 1 | சட்டப்புள்ளி
எஸ்பி 17 (1.1.2024 முதல் அமல்) கை வைத்தது பல்கலை நடத்தும் பன்முகத்தன்மை அலுவலகங்கள் மீது. பதிவு பெற்ற மாணவர் அமைப்புகளின் செயல்பாடுகளுக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. பாதிப்பு வேறு இடத்தில்: இடமும் ஆளும் கொடுத்து உதவிய மையங்கள் போய்விட்டன, ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலையில் பன்முகப் பண்பாட்டு மையம் மூடப்பட்டது போல. ஆகவே ஆலோசகராக ஒரு பேராசிரியரை நீங்களே தேடிப் பிடிக்க வேண்டும். தமிழராக இருக்க வேண்டியதில்லை. மின்னஞ்சலுக்குப் பதில் போடுகிறவராக இருந்தால் போதும்.

கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக அரசுக் கல்லூரி அங்கீகாரம் மறுக்கக்கூடாது என்று 1972-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது (ஹீலி வழக்கு). மாணவர் கட்டணத்தைக் குழுக்களுக்குப் பிரிப்பதிலும் கருத்துச் சார்பு கூடாது என்பது 2000-இன் சவுத்வொர்த் தீர்ப்பு. ஆனால் உங்கள் சிக்கல் கருத்து அல்ல, 'இரட்டிப்பு'. அதற்கு வழக்கு வேண்டாம், நோக்கப் பத்தியைத் திருத்தினால் போதும். "தமிழ்ப் பண்பாட்டைக் கொண்டாடுதல்" என்று எழுதினால் அலுவலகத்தின் கண்ணுக்கு இன்னொரு தீபாவளிக் குழுதான். வாரம் ஒரு தமிழ் வகுப்பு, வாசிப்பு வட்டம், இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்த் தமிழ் மாணவர்களும் உறுப்பினர் என்று எழுதுங்கள். இந்திய மாணவர் சங்கம் செய்யாதது எது என்பது இரண்டே வரியில் தெரிய வேண்டும்.

பதில் 2 | செயலர்_முன்னாள்
மேலே சொன்னதோடு, விதிமுறை எழுதும்போது சறுக்கும் இடங்கள்:

"தமிழர் மட்டும் சேரலாம்" என்று எழுதவே எழுதாதீர்கள். எல்லோரையும் சேர்க்கவேண்டும் என்று பல்கலை நிபந்தனை போட்டால் அது செல்லும் (2010, மார்ட்டினெஸ் வழக்கு). யார் வேண்டுமானாலும் உறுப்பினர், ஒரு பருவத்தில் 3 கூட்டங்களுக்கு வந்தவருக்கு ஓட்டு: இப்படி வையுங்கள். தேர்தலன்று மட்டும் 30 நண்பர்களை இறக்கும் வேலையும் நின்றுவிடும்.

பாகுபாடு மறுப்பு வரியில் சாதியையும் சேருங்கள். பிராண்டைஸ் பல்கலை 2019-லும், கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைகள் 2022-லும் சேர்த்துவிட்டன. உங்கள் பல்கலையின் வாசகத்தில் சாதி இல்லாவிட்டால் அந்த வாசகத்தை அப்படியே வைத்து, கீழே தனி வரியாகப் போடுங்கள். "நம்மிடையே எதற்கு இது" என்று முதல் கூட்டத்தில் ஒருவர் கேட்பார். அந்தக் கேள்வியே போதுமான காரணம்.

தேர்தலை மார்ச்சில் முடியுங்கள். முதுகலை மாணவர்கள் இரண்டே வருடத்தில் கிளம்பிவிடுவார்கள். மே மாதம் பட்டமளிப்போடு வங்கிக் கணக்கின் கையெழுத்தும் மின்னஞ்சல் கடவுச்சொல்லும் சேர்ந்தே விமானம் ஏறிவிடும். அடுத்த இலையுதிர்ப் பருவத்தில் மறுபதிவு தவறினால் அறை முன்பதிவு உரிமையும் போச்சு.

பதில் 3 | அடுப்படி
பொங்கலுக்கு வருகிறேன். ஜனவரி 14, 15-இல் பெரும்பாலும் விடுமுறை முடிந்திருக்காது, அல்லது வகுப்பு தொடங்கும் வாரம். அடுத்த சனிக்கிழமைக்கு மாற்றி, இடத்தை நவம்பரிலேயே பிடித்துவிடுங்கள். டிசம்பரில் அலுவலகத்தில் ஆள் இருக்கமாட்டார்கள்.

அறைக்குள் தீ கிடையாது, குத்துவிளக்குக்கும் சேர்த்துத்தான். பேட்டரி விளக்கு போதும். வெளியில் புரொப்பேன் அடுப்பு வைக்கத் தீயணைப்பு அதிகாரியின் அனுமதி தேவைப்படும், அணைப்பான் பக்கத்தில் இருக்க வேண்டும். மூன்று லிட்டர் பானையில் பாலும் தண்ணீருமாக இரண்டேகால் லிட்டர் ஊற்றினால் நன்றாகப் பொங்கும். பொங்கி வழிகிற பால் சுடரை அணைத்துவிடும், வாயு மட்டும் வந்துகொண்டே இருக்கும். எல்லோரும் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தும் அந்த நொடியில் ஒருவர் கை அடுப்பின் குமிழில் இருக்க வேண்டும். அணைந்தால் மூடி, சற்று விட்டு, பிறகு பற்றவையுங்கள்.

கூட்டத்துக்கான சாப்பாட்டை வீட்டில் சமைத்துக்கொண்டு போகாதீர்கள். பல வளாகங்களில் உரிமம் பெற்ற உணவகத்திலிருந்துதான் வரவேண்டும். பொருள்வாரியாக எழுதிய ரசீது வாங்குங்கள். மொத்தத் தொகை மட்டும் இருக்கும் கடனட்டைச் சீட்டைக் கணக்குப் பிரிவு திருப்பிவிடும்.

புதுவரவு
நன்றிங்க. மாலையில் ஒரு படமும் போடலாமா? சொந்தமாக வாங்கிய டிவிடி இருக்கிறது. உள்ளூர்த் தமிழ்க் குடும்பங்கள் நன்கொடை தரவும் தயார்.

சட்டப்புள்ளி
டிவிடி வீட்டில் பார்க்கத்தான். இலவசமாகப் போட்டாலும் பொதுத் திரையிடல் உரிமம் வேண்டும். தமிழ்ப் படமென்றால் விநியோகஸ்தரிடமே எழுதிக் கேட்க வேண்டியிருக்கும், பொங்கலுக்குள் வராது. பாட்டும் பட்டிமன்றமும் போதும்.

நன்கொடை வாங்கலாம், ஆனால் "வரிவிலக்கு உண்டு" என்று நீங்களாகச் சொல்லாதீர்கள். பல்கலையின் வரி எண்ணையும் எடுத்துப் போடாதீர்கள். வங்கிக் கணக்குக்குச் சங்கத்தின் பெயரில் ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) இணையதளத்தில் தனி வரி எண் கிடைக்கும், கட்டணமில்லை. ரசீது கேட்பவர்களைப் பல்கலை அறக்கட்டளை வழியாகத் தரச் சொல்லுங்கள்.