பாலக்கோடு வீடு: ஆயாவின் அடுப்படி

ஞாயிறு, காலை 9.10

கவி: 📷 படம்

கவி: ஒருவழியாக முடித்துவிட்டேன். நம் பழைய அடுப்படி, உள்ளே ஆயா. வாட்டர் கலர். இது மூன்றாவது தாள், முதல் இரண்டும் குப்பைக்குப் போயாச்சு.

ஓசூர் சித்தி: அடியே கவி, புகை வாசனையே வருதுடி!

அம்மா: நல்லா இருக்கு. ஆயா தோள்மேல் மட்டும் ஏன் வெள்ளையா விட்டிருக்கே? கலர் தீர்ந்துபோச்சா?

கவி: அம்மா!! அது கண்ணாடி ஓட்டிலிருந்து விழுகிற வெயில். வாட்டர் கலரில் பெரும்பாலும் வெள்ளை பூசமாட்டார்கள், தாளையே விட்டுவைப்பார்கள். அங்கே ஒரு சொட்டு பழுப்பு விழுந்திருந்தால் வெயில் செத்திருக்கும்.

பெரியப்பா: சுவர் எப்படிம்மா இவ்வளவு சொரசொரப்பா வந்தது? மண் சுவரேதான்.

கவி: 300 ஜிஎஸ்எம் காட்டன் தாள், நல்ல கனம், மேடும் பள்ளமுமா இருக்கும் பெரியப்பா. பிரஷ்ஷைத் துணியில் ஒற்றிவிட்டு, படுக்கவைத்து லேசாக இழுத்தால் மேட்டில் மட்டும் நிறம் ஒட்டும். பாதி சுவரைத் தாளே போட்டுவிட்டது.

தினேஷ்: கரி படிந்த மூலைக்கு எந்தக் கறுப்பு அக்கா?

கவி: கறுப்பைத் தொடவே இல்லை. அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும் கலந்தது. நீலம் கூடினால் மூலை இருட்டு, சியன்னா கூடினால் அடுப்புப் பக்கத்து இருட்டு. டியூப் கறுப்பை அப்படியே அப்பினால் சுவரில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும்.

ஓசூர் சித்தி: முகம் சரியா தெரியலையே? ஆயா கோவிச்சுக்கப் போறாங்க.

கவி: வேண்டுமென்றேதான் சித்தி. நெற்றி, மூக்கு ஓரம் மட்டும் நெருப்பு வெளிச்சம். முதுகை ஈரம் காயும் முன்பே இருட்டோடு கரையவிட்டேன். கண், காது எல்லாம் வரைந்தால் ஆயா ஒட்டவைத்த பொம்மை மாதிரி தனியாக நிற்கிறார். முதல் தாள் அப்படித்தான் கெட்டது. இரண்டாவதில் பாதி காய்ந்த சுவரில் தண்ணீர்ப் பிரஷ்ஷை வைத்துவிட்டேன். காலிஃபிளவர் மாதிரி பூத்துக்கொண்டது 😭

அம்மா: ஆயாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாங்க.

அம்மா: 🎤 குரல் செய்தி

அம்மா: கேட்க முடியாதவங்களுக்கு: "அவரைக்கொட்டைக் குழம்பை நான் என்னிக்குடி பீச்சாங்கையால கிண்டினேன்?"

கவி: என்னது??

பெரியப்பா: அட, ஆமாம். விளக்கு மாடமும் இடம் மாறியிருக்கு பார். அடுப்படிக்குள் நுழைந்தால் அது வலது கைப்பக்கம். நான் எத்தனை தடவை அதில் தலையை இடித்துக்கொண்டிருக்கிறேன்!

கவி: போட்டோவைப் பார்த்துத்தானே வரைந்தேன்! பொங்கலுக்குத் தினேஷ் அனுப்பியது.

தினேஷ்: அக்கா… அது செல்ஃபி. முன் கேமரா. நீதான் என்னை வெட்டிவிட்டு ஆயாவை மட்டும் வைத்துக்கொண்டாய் 🙈

கவி: அப்போ மொத்த வீட்டையும் இடவலம் மாற்றி வரைந்திருக்கிறேன்.

பெரியப்பா: கையை மட்டும் அழித்து மாற்ற முடியாதா?

கவி: ஈரப் பிரஷ்ஷால் நனைத்து டிஷ்யூவால் ஒற்றினால் கொஞ்சம் நிறம் எழும்பும். மீதி தாளில் ஊறினது ஊறினதுதான். அப்புறம் கை மட்டுமா? மாடம், வெயில், அடுப்பு எல்லாமே மாறணும். சரி, நாலாவது தாள்.

ஓசூர் சித்தி: அப்போ இதை எனக்குக் கொடுத்துடு. பீரோ கண்ணாடிக்கு எதிரே மாட்டிக்கறேன், அதில் பார்த்தால் சரியாகிடும்.

அம்மா: ஆயா இன்னொன்றும் சொல்றாங்க. அந்த நைந்த புடவை வேண்டாமாம், பச்சைப் புடவை போடணுமாம்.

கவி: எந்தப் பச்சை?

அம்மா: கட்டிக்கொண்டு வந்து அடுப்பு முன்னால் உட்கார்ந்தாச்சு. தினேஷ், சீக்கிரம் வா.

தினேஷ்: வர்றேன் பெரியம்மா. பின் கேமராதான்.