புதுப்பிப்பு: தாழ்வாரத்து எலுமிச்சை தப்பிவிட்டது

எங்கள் வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டுத் தாழ்வாரத்து எலுமிச்சையில், வெள்ளைப் பஞ்சுபோல் ஒட்டிச் சாறு உறிஞ்சும் மாவுப்பூச்சி அப்பி, இலையெல்லாம் கறுத்துப்போனது என்று கேட்டிருந்தேனே, செடி துளிர்த்துவிட்டது! முதலில் எறும்பைத் தடுக்கச் சொன்ன அக்காவுக்கு மனமார்ந்த நன்றி. பூச்சி கழிக்கும் இனிப்புப் பிசினுக்காக எறும்புகள் அதற்குக் காவல் நிற்கின்றன. அந்தப் பிசினில்தான் கரும்பூஞ்சை படர்கிறது. எறும்பு ஏறாதபடி தொட்டியைச் சுவரிலிருந்து தள்ளிவைத்து, தண்டின் அடியில் பசை டேப் சுற்றினேன். அப்புறம் சோப்புத் தண்ணீரில் வேப்பெண்ணெய் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளித்தேன். கணுவிடுக்கில் பஞ்சாக ஒளிந்திருந்த பூச்சியைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தெடுத்தேன். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள், அங்கே மருந்து சரியாக எட்டாது.

இப்போது புதுத் துளிரில் வளைந்து வளைந்து வெள்ளிக் கோடுகள். இலைத்துளைப்பான் புழுதான். அந்த இலைகளைக் கிள்ளிப் பையில் கட்டிப் போட்டுவிட்டேன். சரி, துளிர் முற்றும்வரை தினமும் பார்க்கவேண்டும்.