மறு: ஷெல்லுக்கு ‘ஓடு’ போதுமா?

அனைவருக்கும் வணக்கம். கணினியில் நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் ‘ஷெல்’ என்ற நிரலைத் தமிழில் எப்படி அழைக்கலாம் என்ற நம் கலைச்சொல் விவாதத்துக்கு என் பதில் இது.

> ‘கட்டளை விளக்கி’ என்றால் வேலை தெரிகிறது. ஓடு, கூடு, உறை எல்லாம் வெறும் உவமைகள்.

வேலை தெரிகிறதுதான், ஐயா. அது எங்கே இருக்கிறது என்பது தெரியவில்லையே. நிலக்கடலையில் உள்ளே பருப்பு, வெளியே ஓடு. அதுபோல உள்ளே கருனி (இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல்), வெளியே ஷெல். யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஷெல் என்பது இன்னொரு சாதாரண நிரல், அவ்வளவுதான். உள்ளே இருப்பதைத் தொடாமல் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கென் தாம்சன் 1971இல் எழுதிய ஷெல்லின் இடத்துக்கு 1979இல், ஏழாம் பதிப்பில், ஸ்டீவ் போர்னின் ஷெல் வந்தது. பெர்க்லியில் பில் ஜாய் தனக்குப் பிடித்த மாதிரி சி ஷெல்லை எழுதிக்கொண்டார். உவமை என்றாலும் ‘ஓடு’ இதைச் சரியாகச் சொல்கிறது.

> அப்படியானால் ஷெல் ஸ்கிரிப்ட் (ஷெல்லுக்கான கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு) ‘ஓட்டு நிரல்’ ஆகிவிடுமே?

இங்கேதான் நானும் மாட்டிக்கொண்டேன். ஓட்டு வீடு சரி. ஓட்டு நிரல் என்றால் தேர்தலில் எண்ணுகிற மென்பொருள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ‘கூடு’ இன்னும் மோசம். கூட்டு நிரல் என்றதும் எனக்குப் பூசணிக்காய் ஞாபகம் வருகிறது. ‘உறை’யில் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் அது கடிதத்துக்கும் தலையணைக்கும் ஏற்கெனவே போய்விட்டது.

சரி, ஸ்கிரிப்டின் பெயரில் ஷெல் இருந்தே ஆகவேண்டுமா? வரலாற்றைப் பார்த்தால் ஸ்கிரிப்ட்தான் மூத்தது. எம்ஐடி பல்கலைக்கழகத்தின் சிடிஎஸ்எஸ் என்ற பழைய இயங்குதளத்தில் லூயி பூசான் ‘ரன்காம்’ என்ற நிரலை எழுதினார். கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்தால் அது ஒவ்வொன்றாக இயக்கும். கட்டளைகளுக்கு நாம் கொடுக்கும் மதிப்புருக்களையும் (ஆர்க்யுமெண்ட்) அந்தந்த இடத்தில் பொருத்திக்கொள்ளும். நீண்ட வேலையை இரவு முழுக்க ஓடவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்பதால் எல்லோருக்கும் பிடித்துப்போனது. அதன் பிறகு மல்டிக்ஸ் என்ற அடுத்த இயங்குதளத்துக்காக எழுதிய குறிப்பில்தான் அவர் ‘ஷெல்’ என்ற சொல்லைக் கொண்டுவந்தார். 1965இல் அவர் பிரான்சுக்குத் திரும்பிவிட, மல்டிக்ஸின் முதல் ஷெல்லை எழுதியவர் கிளெண்டா ஷ்ரோடர். இன்றும், பாஷ் என்ற ஷெல்லின் அமைப்புகளை வைத்திருக்கும் ‘பாஷ்ஆர்சி’ (.bashrc) கோப்பின் வாலில் ஒட்டியிருக்கும் ‘ஆர்சி’ அந்த ரன்காமின் மிச்சம்தான்.

ஆகவே என் முன்மொழிவு: ஷெல் = ஓடு. ஷெல் ஸ்கிரிப்ட் = கட்டளைக்கோவை. பாஷ் போன்ற பெயர்களை அப்படியே விட்டுவிடலாம்.

‘ஓடு’ மென்பொருளின் பட்டியில் (மெனு) வந்தால் ‘ரன்’ என்று குழம்புவார்களே என்று கேட்டிருந்தீர்கள். ரன்னுக்கு நாம் ‘இயக்கு’ என்றுதானே போடுகிறோம்?

கட்டளைக்கோவையில் வல்லினம் மிகுவதில் யாருக்கும் மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.