ஜெனரிக் மாத்திரைக்கு மாத்துனதுல இருந்து அம்மாவுக்கு கிறுகிறுப்பு, என்ன பண்றது?

வைகைக்கரை:
வணக்கம். அம்மாவுக்கு 64 வயசு, பிரஷரும் சுகரும் இருக்கு, தைராய்டு மாத்திரையும் போடுறாங்க. மாத்திரை செலவு கைய கடிக்குதுன்னு போன வாரம் மக்கள் மருந்தகத்துல போய் டாக்டர் சீட்ட காட்டி எல்லாத்தையும் ஜெனரிக்ல (பெரிய கம்பெனி பேர் இல்லாம வர்ற அதே மருந்து) வாங்கிட்டு வந்தேன், பாதி காசு கூட ஆகல. ஆனா நாலு நாளா அம்மா படுக்கைய விட்டு எந்திரிச்சாலே கிறுகிறுன்னு வருதுங்கிறாங்க, நேத்து பாத்ரூம் வாசல்ல விழப்பார்த்தாங்க. காசு மிச்சம் பண்ணப்போய் அம்மா உடம்ப கெடுத்துட்டனோன்னு பயமா இருக்கு. பழைய கம்பெனி மாத்திரைக்கே திரும்பிடலாமா?

குமரன்75:
எங்க வீட்லயும் ஒருதடவை மாத்துனோம், சரிப்படல, திரும்ப பழசுக்கே வந்துட்டோம். விலை கம்மியா இருந்தா தரமும் கம்மியாத்தான் இருக்கும். ரிஸ்க் எடுக்காதீங்க.

மருந்தாளுநர்_நெல்லை:
நான் 19 வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். தம்பி, முதல்ல இன்னிக்கே அம்மாவுக்கு பிரஷர், சுகர் ரெண்டையும் பாருங்க. பிரஷர உக்காந்து ஒருதடவை, நின்னு ஒருதடவை பாக்கணும். ரொம்ப இறங்கியிருந்தா உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க.

அடுத்து பழைய அட்டைல மிச்சம் இருக்கான்னு மாத்திரை டப்பாவ கொட்டிப் பாருங்க. ஏன் கேக்குறேன்னா, பிரஷருக்கு டெல்மிசார்டானும் ஆம்லோடிபினும் சேர்ந்த ஒரே மாத்திரையா எழுதுறது ரொம்ப சகஜம், ஜெனரிக்ல அதையே தனித்தனியா ரெண்டு மாத்திரையா குடுத்திருக்கலாம், கலரும் வேற பேரும் வேறங்கறதால வயசானவங்க இது புதுசுன்னு நினைச்சு பழசையும் சேத்தே போட்டுருவாங்க. என் கடைக்கு வர்றவங்கள்ல இத எத்தனையோ தடவை பாத்திருக்கேன்.

குமரன் சார், விலை கம்மிக்கு காரணம் விளம்பரச் செலவும் மருந்து கம்பெனி ரெப் செலவும் இல்லாததுதான். ஆனா உங்க அனுபவத்த பொய்னு சொல்லமாட்டேன், வார்ஃபரின்ங்கிற ரத்தம் உறையாம இருக்க குடுக்குற மாத்திரை, வலிப்பு மாத்திரை, தைராய்டு மாத்திரை இதெல்லாம் அளவு கொஞ்சம் ஏறி இறங்கினாலே உடம்புல தெரியும், இத டாக்டர்ட்ட சொல்லாம மாத்தக்கூடாது.

வைகைக்கரை:
அண்ணே, நீங்க சொன்னது அப்படியே! டப்பால பழைய அட்டைல ஆறு மாத்திரை இருந்துச்சு. "அது பிரஷர் மாத்திரைப்பா, இது ரெண்டும் நீ புதுசா வாங்கிட்டு வந்தது"ன்னு மூணையும் போட்டுருக்காங்க. டெல்மிசார்டான் 40க்கு பதிலா 80, ஆம்லோடிபின் 5க்கு பதிலா 10 போயிருக்கு. சுகர் மாத்திரை பழசு முன்னாடியே தீந்துபோச்சு, அதனால அதுல தப்பிச்சோம். பிரஷர் நிக்கும்போது 96/60, டாக்டர்ட்ட கூட்டிட்டு போயிட்டு வந்துட்டேன், இனிமே எத போடணும்னு அவரே எழுதிக் குடுத்தாரு. இன்னொன்னு, முழங்கால் வலிக்கு தெரு முனை மெடிக்கல்ல கேட்டு ஒரு மாத்திரை ரெண்டு வாரமா போட்டுட்டு வர்றாங்களாம், அதுவும் இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அட்டைல அசிக்ளோஃபெனாக், பாராசிட்டமால்னு போட்டிருக்கு.

மருந்தாளுநர்_நெல்லை:
அத டாக்டர்ட்ட சொல்லலைன்னா இன்னிக்கே போன் பண்ணி சொல்லுங்க, அதுவரைக்கும் போட வேண்டாம். அசிக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வகையெல்லாம் பிரஷர ஏத்தும், டெல்மிசார்டானோட சேந்தா கிட்னிக்கு சுமை, சுகர் இருக்கவங்களுக்கு இன்னும் மோசம். கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற கிரியாட்டினின் ரத்த டெஸ்ட் ஒருதடவை பாக்கணுமான்னு கேளுங்க. அதுல பாராசிட்டமாலும் இருக்கு பாருங்க, நடுவுல காய்ச்சல் சளின்னு இன்னொரு மாத்திரை போட்டா அதுலயும் பாராசிட்டமால் இருக்கலாம், ரெண்டும் கூடி அளவு ஏறிரும்.

செல்வி_கோவை:
தைராய்டுன்னு சொன்னதால சொல்றேன். எங்க அத்தைக்கு டிஎஸ்எச் (தைராய்டு ரத்த டெஸ்ட்ல பாக்குற அளவு, தைராய்டு கம்மியா சுரந்தா இது ஏறும்) இறங்கவே மாட்டேன்னுச்சு, டோஸ் ஏத்திக்கிட்டே போனாங்க. கடைசியில பாத்தா காலைல தைராய்டு மாத்திரையோட கால்சியம் மாத்திரையும் சேத்தே முழுங்கியிருக்காங்க. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கு நாலு மணி நேரம் இடைவெளி விடணும்னு டாக்டர் சொன்னப்புறம்தான் சரியாச்சு. தைராய்டு மாத்திரைல கம்பெனிய மாத்தினா ஆறு எட்டு வாரம் கழிச்சு டிஎஸ்எச் பாக்கச் சொல்லுவாங்க, மறந்துராதீங்க.

வைகைக்கரை:
நன்றிக்கா, அம்மாவும் காலைல கால்சியத்த சேத்துதான் போடுறாங்க, நாளைலருந்து ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் மாத்திடுறேன். அண்ணே, டாக்டர்ட்ட பேசிட்டேன், வலி மாத்திரைய நிறுத்தச் சொல்லிட்டாரு, கிரியாட்டினின் டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுத்துட்டு வந்திருக்கோம். பழைய அட்டையெல்லாம் எடுத்துட்டேன், புது அட்டை ஒவ்வொண்ணுலயும் "பிரஷர் காலை", "சுகர் சாப்பாட்டுக்கு முன்னாடி"ன்னு மார்க்கர்ல பெருசா தமிழ்ல எழுதி ஒட்டியாச்சு. ஜெனரிக்கையே தொடரலாம்னு டாக்டரும் சொல்லிட்டாரு.