எக்ஸ்பி விஎம் மாதம் ஒருமுறை நின்றுபோகிறது. உதவி தேவை, அவசரம்

விதையறை | மார்ச் 30, காலை 9:12

வணக்கம். பழைய விண்டோஸ் எக்ஸ்பி ஒன்றை விஎம்மில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) இரவு பகலாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை அப்படியே நின்றுவிடுகிறது. ரீசெட் கொடுத்தால் ஓடும், அப்புறம் மறுபடியும் அதே கதை. ரேமை 512 எம்பியிலிருந்து 1024 ஆக்கிப் பார்த்தேன், பயனில்லை. இந்தச் சனிக்கிழமையும் நின்றுவிட்டது. யாராவது வழி சொல்லுங்கள்.

ஆணிவேர் | காலை 9:31

எந்த மென்பொருளில் விஎம் வைத்திருக்கிறீர்கள்? ஹோஸ்ட் (விஎம்மைத் தாங்கும் கணினி) எது? "நின்றுவிடுகிறது" என்றால் என்ன? மவுஸ் அசைகிறதா? எக்ஸ்பி முழுவதும் நிற்கிறதா, உள்ளே ஓடும் ஏதோ ஒரு நிரல் மட்டும் நிற்கிறதா? அதில் என்ன ஓட்டுகிறீர்கள் என்றே சொல்லவில்லையே.

முதுநிரலர் | காலை 9:40

கேட்பதற்கு முன் விவரத்தை எழுதுங்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது? எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதை இன்னும் தொடர்ந்து ஓட்டுவதே முதல் தவறு. அந்த நிரலை வேறு எதற்காவது மாற்றுங்கள், சிக்கல் தானாகத் தீரும்.

தறிநாடா | காலை 9:58

டிஸ்க் நிரம்பியிருக்கும், பந்தயம் கட்டுகிறேன். ஸ்னாப்ஷாட் (விஎம்மின் அந்த நேரத்து நிலையைக் குறித்துவைப்பது) எத்தனை வைத்திருக்கிறீர்கள்? ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகும் மாற்றங்கள் எல்லாம் புதிய கோப்பில் போய் விழும். ஹோஸ்டில் இடம் தீர்ந்ததும், விஎம் ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸ் அதை நிறுத்திவைத்துவிடும். எனக்கே நடந்திருக்கிறது.

விதையறை | காலை 10:20

மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். விர்ச்சுவல்பாக்ஸ்தான், ஹோஸ்ட் லினக்ஸ். விதை சேமிக்கும் குளிரறையின் வெப்பநிலையைப் பதிவு செய்யும் நிரல் ஒன்று எக்ஸ்பிக்குள் ஓடுகிறது. உணரியிலிருந்து சீரியல் வழியாக வருகிறது, இடையில் யூஎஸ்பி மாற்றி ஒன்று. 5 நிமிடத்துக்கு ஒரு வரி பதிவாகும். ஸ்னாப்ஷாட் 11 இருக்கின்றன. ஹோஸ்டில் பாதிக்கு மேல் இடம் காலியாகத்தான் இருக்கிறது.

நிரலை மாற்றச் சொல்கிறீர்கள். 14 ஆண்டுப் பதிவு அந்த நிரலின் கோப்பு வடிவத்தில்தான் இருக்கிறது. அதை எழுதியவர்கள் இப்போது அந்தத் தொழிலிலேயே இல்லை. எந்த விதை எத்தனை டிகிரியில் எத்தனை ஆண்டு இருந்தது என்பது தெரியாமல் போனால், முளைப்புச் சோதனை எண்களுக்குப் பொருளே இருக்காது.

முதுநிரலர் | காலை 10:34

யூஎஸ்பி மாற்றி என்று இப்போதுதான் சொல்கிறீர்கள். விடை அதுதான். ஹோஸ்ட் மின்சாரத்தை மிச்சப்படுத்த யூஎஸ்பி கருவியைத் தூங்க வைத்துவிடும். விஎம்முக்குள் இருக்கும் எக்ஸ்பிக்கு அது தெரியாது. காத்துக்கொண்டே இருக்கும். தன்னியக்க உறக்கத்தை அணைத்துவிடுங்கள், போதும்.

ஆணிவேர் | காலை 10:41

5 நிமிடத்துக்கு ஒருமுறை பேசும் கருவி தூங்கப்போனால் மாதத்துக்கு ஒருமுறைதானா தூங்கும்? தினமும் தூங்குமே ஐயா.

விதையறை, நின்றபோது திரையில் கண்டதை அப்படியே சொல்லுங்கள். எதையும் விடவேண்டாம்.

விதையறை | காலை 11:15

சனிக்கிழமை காலை 9 மணி வாக்கில் பார்த்தேன். நிரலின் சன்னலில் 4.2 டிகிரி என்று இருந்தது, அறையின் சுவரில் உள்ள மானி 4.6 காட்டியது. அப்போதுதான் சந்தேகம் வந்தது. பதிவில் கடைசி வரி இரவு 12:35. வரைபடக் கோடு அங்கேயே முடிந்திருந்தது. மவுஸ் அசைந்தது. எக்ஸ்பியின் மூலையில் கடிகாரம் சரியான நேரம் காட்டியது. யூஎஸ்பி மாற்றியின் பச்சை விளக்கு எப்போதும் போல விநாடிக்கு ஒருமுறை மினுக்கிக்கொண்டிருந்தது. 9:20-க்கு ரீசெட் கொடுத்தேன்.

ஆணிவேர் | காலை 11:22

விளக்கு மினுக்குகிறது, கடிகாரம் ஓடுகிறது, நிரல் மட்டும் நிற்கிறது. அப்படியானால் எக்ஸ்பி நன்றாகத்தான் இருக்கிறது. ரீசெட் கொடுக்காமல் நிரலை மட்டும் மூடித் திறந்து பார்த்தீர்களா?

விதையறை | காலை 11:24

இல்லை. எப்போதும் ரீசெட்தான்.

தறிநாடா | காலை 11:50

டிஸ்க் இல்லையா, சரி. ஆனாலும் 11 ஸ்னாப்ஷாட் வேண்டாம். ஒன்றிரண்டு வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குங்கள். நீக்கும்போது கோப்புகள் ஒன்றோடொன்று சேரும், அதற்கும் இடம் வேண்டும், நேரமும் ஆகும்.

கூடைப்பின்னல் | பிற்பகல் 12:05

ஏன் நீக்கச் சொல்கிறீர்கள்? ஸ்னாப்ஷாட் என்பது காப்பு நகல். 14 ஆண்டுப் பதிவு என்கிறார், எத்தனை இருந்தாலும் நல்லதுதானே.

தறிநாடா | பிற்பகல் 12:11

ஸ்னாப்ஷாட் காப்பு நகல் ஆகாது. 11-உம் ஒரே அடிக்கோப்பின் மேல் அடுக்கியவை. அடிக்கோப்பு கெட்டால் மேலே இருப்பவை எல்லாம் போச்சு. அதே டிஸ்கில் இருக்கும் எதையும் காப்பு என்று நம்பாதீர்கள்.

கூடைப்பின்னல் | பிற்பகல் 12:19

தவறான அப்டேட் போட்டுவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்ப எனக்கு அதுதான் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

தறிநாடா | பிற்பகல் 12:23

திரும்பிப் போக உதவும், மறுக்கவில்லை. டிஸ்கே போனால் எங்கே திரும்புவீர்கள்? இவர் கையில் இருப்பது வேறெங்கும் கிடைக்காத பதிவு. விஎம்மை மூடிவிட்டு முழுக் கோப்புறையையும் வேறொரு டிஸ்குக்கு நகலெடுக்க வேண்டும். அதுதான் காப்பு.

விதையறை | பிற்பகல் 12:40

காப்பு வாரம் தவறாமல் எடுக்கிறேன். ஞாயிறு அதிகாலை 1 மணிக்கு விஎம்மை சேவ் ஸ்டேட் செய்துவிட்டு ஹோஸ்ட் முழுவதையும் வெளி டிஸ்குக்கு நகலெடுக்கும். காலை 7 மணிக்கு மறுபடி எழும்பும். எல்லாம் தானாக நடக்கும்படி எழுதி வைத்திருக்கிறேன். அந்த 6 மணி நேரத்துக்குத் தனி மானி ஒன்று பதிவு செய்யும். அதனால் வாரம் ஒருமுறை விஎம் ரீஸ்டார்ட் ஆகிறது, எக்ஸ்பி ஓடி ஓடிக் களைத்துப்போக வழியில்லை.

மணற்கடிகை | பிற்பகல் 1:02

நில்லுங்கள். சேவ் ஸ்டேட் ரீஸ்டார்ட் இல்லை. நினைவகத்தில் இருந்தது அப்படியே டிஸ்கில் எழுதப்பட்டு, திரும்ப ஏற்றும்போது விட்ட நொடியிலிருந்து தொடரும். உள்ளே இருக்கும் எக்ஸ்பிக்குத் தான் உறங்கியதே தெரியாது. அதன் கணக்கில் அது ஒருமுறைகூட மறுதொடக்கம் ஆகவில்லை.

முந்தைய ரீசெட் எப்போது கொடுத்தீர்கள்? தேதியும் மணியும் வேண்டும்.

முதுநிரலர் | பிற்பகல் 1:10

சேவ் ஸ்டேட் என்றதுமே எனக்கு விளங்கிவிட்டது. திரும்ப ஏற்றியதும் கெஸ்ட் அடிஷன்ஸ் (எக்ஸ்பிக்குள் போடும் விர்ச்சுவல்பாக்ஸின் துணை நிரல்) கடிகாரத்தை 6 மணி நேரம் முன்னால் தள்ளும். அந்தக் குதிப்பில் நிரல் குழம்பிவிடுகிறது. முடிந்தது.

மணற்கடிகை | பிற்பகல் 1:14

அப்படியானால் ஞாயிறு காலை 7 மணிக்கு நிற்க வேண்டும். நின்றதோ சனிக்கிழமை இரவு 12:35-க்கு. சேவ் ஸ்டேட்டிலிருந்து எழுந்து 5 நாளுக்கு மேல் ஆகியிருந்தது.

விதையறை | பிற்பகல் 1:30

குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மார்ச் 2, திங்கள், காலை 10:05.

பழம்பெட்டி | பிற்பகல் 1:36

49 நாள் சிக்கல்! விண்டோஸ் 95-உம் 98-உம் 49.7 நாள் தொடர்ந்து ஓடினால் தொங்கிவிடும். மில்லிநொடிகளை 32 பிட்டில் எண்ணும், 4,29,49,67,296 ஆனதும் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். அப்போதே திருத்தம் வெளியிட்டார்கள்.

ஆணிவேர் | பிற்பகல் 1:39

இவருடையது எக்ஸ்பி, அந்தச் சிக்கல் எக்ஸ்பியில் இல்லை. அப்புறம் 49 நாளும் ஆகவில்லையே.

மணற்கடிகை | பிற்பகல் 2:05

பழம்பெட்டி பக்கத்தில் வந்துவிட்டார், பாதி தூரம்தான் மீதி.

எக்ஸ்பியும் தொடங்கியதிலிருந்து எத்தனை மில்லிநொடி ஆயிற்று என்று 32 பிட்டில்தான் நிரல்களுக்குச் சொல்லும். கெட்டிக்கவுன்ட் என்ற செயற்கூறு. 64 பிட்டில் எண்ணும் வடிவம் விஸ்டாவில்தான் வந்தது. எக்ஸ்பி அந்த எண்ணைக் குறியில்லாத (மைனஸே வராத) எண்ணாகத்தான் தருகிறது. வாங்கும் நிரல் அதைக் குறியுள்ள (மைனஸும் வரும்) எண்ணாக வைத்துக்கொண்டால் 2,14,74,83,647 வரைதான் போகும். அடுத்த மில்லிநொடி பெரிய மைனஸ் எண்ணாகிவிடும். 49.7 நாளில் சரிபாதி: 24 நாள், 20 மணி, 31 நிமிடம்.

இப்போது உங்கள் தேதிகள். மார்ச் 2 காலை 10:05-இலிருந்து 24 நாள் 20 மணி 31 நிமிடம் கூட்டினால் மார்ச் 27 காலை 6:36. இடையில் மார்ச் 8, 15, 22 என்று மூன்று ஞாயிறு. ஒவ்வொன்றிலும் 6 மணி நேரம் எக்ஸ்பியின் எண்ணிக்கை நின்றிருக்கிறது. மொத்தம் 18 மணி. அதையும் சேர்த்தால் மார்ச் 28 இரவு 12:36.

உங்கள் கடைசி வரி 12:35.

விதையறை | பிற்பகல் 2:09

கை நடுங்குகிறது. பழைய குறிப்புகளை எடுத்துப் பார்க்கிறேன்.

கூடைப்பின்னல் | பிற்பகல் 2:15

இது போன்ற ஒன்றைப் படித்திருக்கிறேன். போயிங் 787 விமானத்தின் மின்னாக்கிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் 248 நாள் இடைவிடாமல் இயங்கினால் நின்றுவிடக்கூடும் என்று 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் உத்தரவே போட்டது.

மணற்கடிகை | பிற்பகல் 2:21

ஆமாம், அதே எல்லை எண். நொடியில் நூறில் ஒரு பங்காக எண்ணினால் 2,14,74,83,647 தொட 248 நாள் ஆகும். பழைய லினக்ஸில் 497 நாளில் அப்டைம் (தொடர்ந்து ஓடிய நேரம்) பூச்சியத்துக்குத் திரும்பியதும் இதன் அண்ணன் தம்பிதான்.

முதுநிரலர் | பிற்பகல் 2:48

கணக்கு சரி. ஆனால் மைனஸ் ஆனால் மட்டும் நிரல் நிற்காது. 32 பிட்டிலேயே கழித்தால் எல்லையைத் தாண்டினாலும் வித்தியாசம் சரியாகவே வரும். சி மொழியில் எழுதியிருந்தால் பெரும்பாலும் தப்பியிருக்கும். விதையறை, நிரலின் கோப்புறையில் எம்எஸ்விபிவிஎம்60 என்று ஒரு டிஎல்எல் (துணை நிரல் கோப்பு) இருக்கிறதா?

விதையறை | பிற்பகல் 2:55

இருக்கிறது.

முதுநிரலர் | பிற்பகல் 3:12

அப்படியானால் விஷுவல் பேசிக் 6 மொழியில் எழுதியது. அதில் குறியில்லாத 32 பிட் வகையே கிடையாது, குறியுள்ள லாங் ஒன்றுதான். பெரிய மைனஸிலிருந்து பெரிய ப்ளஸைக் கழித்தால் ஓவர்ஃப்ளோ (விடை எல்லைக்குள் அடங்கவில்லை) என்ற பிழை எழும். எழுதியவர் மேலே "ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்" போட்டிருந்தால் பிழை திரைக்கே வராது, அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். கடந்த நேரம் பழைய மதிப்பிலேயே நிற்கும். "5 நிமிடம் ஆயிற்றா" என்று நிரல் கேட்டுக்கொண்டே இருக்கும், "ஆகவில்லை" என்றே பதில் வரும். பிழை இல்லை, தொங்கல் இல்லை, பதிவும் இல்லை. நீங்கள் சொன்ன அறிகுறி இதுதான்.

யூஎஸ்பி என்று நான் சொன்னது தவறு.

தறிநாடா | பிற்பகல் 3:20

அப்படியானால் நிரலை மட்டும் மூடித் திறந்தாலே ஓடியிருக்குமே?

மணற்கடிகை | பிற்பகல் 3:26

ஓடியிருக்கும். அதற்கடுத்து, எண் மைனஸிலிருந்து ஏறி மறுபடி அதே எல்லையைத் தொடும்போது, 49.7 நாள் கழித்து நின்றிருக்கும், நிற்கும் இடைவெளி மாறியதில் நாம் இன்னும் குழம்பியிருப்போம். ஒவ்வொரு முறையும் ரீசெட் கொடுத்ததால்தான் 25 நாள் என்ற சீர் தெரிந்தது.

விதையறை, ஞாயிறு காப்புக்கு சேவ் ஸ்டேட் வேண்டாம். எக்ஸ்பிக்குள்ளிருந்தே ஷட்டவுன் செய்து, நகலெடுத்து, புதிதாகத் தொடங்குங்கள். நிரலை ஸ்டார்ட்டப் கோப்புறையில் போட்டால் தானாக எழும்பும். எக்ஸ்பி ப்ரொஃபஷனல் என்றால் கட்டளைச் சன்னலில் சிஸ்டம்இன்ஃபோ கொடுங்கள், சிஸ்டம் அப் டைம் என்ற வரி எத்தனை நாள் என்று காட்டும். அது 7-ஐத் தாண்டக்கூடாது.

இப்படியே விட்டால் அடுத்து ஏப்ரல் 23 காலை 5:51-க்கு நிற்கும்.

ஆணிவேர் | பிற்பகல் 3:40

நிரூபித்துப் பார்க்க வேண்டுமானால் விஎம்முக்கு முழு நகல் எடுத்து வேறு கணினியில் உணரி இல்லாமல் ஓடவிடுங்கள். குளிரறைப் பதிவைச் சோதனைக்குப் பணயம் வைக்காதீர்கள். அதோடு, எக்ஸ்பிக்குப் பிணைய இணைப்பு இருந்தால் பிடுங்கிவிடுங்கள். சீரியல் மட்டும் போதும் அதற்கு.

விதையறை | பிற்பகல் 4:02

பழைய குறிப்பில் மேலும் இரண்டு தேதிகள் கிடைத்தன. இரண்டும் சில நிமிட வித்தியாசத்தில் பொருந்துகின்றன. நகல் எடுக்கிறேன். நாளை தொடங்குகிறேன்.

பழம்பெட்டி | ஏப்ரல் 14, இரவு 8:47

என்ன ஆயிற்று?

பழம்பெட்டி | ஏப்ரல் 24, காலை 7:05

23-ஆம் தேதியும் போய்விட்டது. யாருக்காவது தெரியுமா?

விதையறை | ஏப்ரல் 25, காலை 8:10

சோதனை நகலை மார்ச் 31 காலை 11 மணிக்குத் தொடங்கினேன். இன்று காலை 7 மணியிலிருந்து அதன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். 7:30-க்கு ஒரு வரி எழுதியது. 7:35-க்கு எழுதவில்லை. எக்ஸ்பி கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது.

குளிரறையில் உள்ளது நிற்கவில்லை. அப்டைம் 6 நாள், இப்போது 4.3 டிகிரி. எல்லோருக்கும் நன்றி. வேலை இருக்கிறது, வருகிறேன்.