லிட்டருக்கு 20 ஓடிய ஹைபிரிட் இப்போது 17 தான்: பேட்டரியை மாற்றத்தான் வேண்டுமா?

ஈசூன்வாசி

எல்லாருக்கும் வணக்கம். என்னுடையது 2019 பதிவு, 1.8 லிட்டர் ஹைபிரிட் செடான் (பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டுகிற கார்), நிக்கல் பேட்டரி. சிங்கப்பூரில் ஈசூனிலிருந்து ஜூரோங்குக்கு வேலை. எஸ்எல்இ, பிகேஇ, பிஐஇ விரைவுச்சாலைகள் வழியாகப் போய் வருவேன். லிட்டருக்கு 20 கி.மீ. ஒட்டி ஓடிக்கொண்டிருந்த கார், இந்த வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி 17ல் வந்து நிற்கிறது. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. ஒரே ஒரு வித்தியாசம்: மதியம் மூணு மணிக்கு ஷிப்ட் முடிந்து திரும்பும்போது பின்சீட்டுப் பக்கம் விசிறி வேகமாகச் சுற்றுகிற மாதிரி ஒரு இரைச்சல். காலையில் அது கேட்பதில்லை.

பட்டறை ஒன்றில் காட்டினேன். "ஹைபிரிட் பேட்டரி போயிடுச்சு, மாத்திடுங்க" என்றார்கள். எந்தக் கருவியையும் மாட்டிப் பார்க்கவில்லை. பேட்டரிக்குச் சில ஆயிரம் வெள்ளி ஆகும். சிஓஇ, அதாவது காரை வைத்திருப்பதற்கான பத்தாண்டு உரிமைச் சான்றிதழ், 2029ல் முடிகிறது. மிச்சமுள்ள காலத்துக்கு அவ்வளவு காசைப் போடுவது சரியா? பேட்டரிதான் காரணம் என்று எப்படி உறுதி செய்வது?

கணக்குப்பிள்ளை

பேட்டரியைப் பற்றி அப்புறம் பேசலாம். இந்த 20, 17 எல்லாம் எங்கிருந்து வந்த கணக்கு? டேஷ்போர்டு காட்டுவதா, நீங்களே எழுதி வைத்துப் போட்டதா? எங்கே, எவ்வளவு எண்ணெய் (பெட்ரோல்) ஊற்றுகிறீர்கள்?

ஈசூன்வாசி

ஒவ்வொரு தடவை ஊற்றும்போதும் ரசீதைப் பார்த்து போனில் எழுதி வைக்கிறேன். திரை இப்போது 18.5 காட்டுகிறது, என் கணக்கில் 17. மனைவியின் ஊர் மலேசியாவில் இருக்கிற குளுவாங். வார இறுதியில் அடிக்கடி போவோம். சிங்கப்பூர் கார் மலேசியாவுக்குப் போகும்போது டேங்கில் முக்கால்வாசி இருக்க வேண்டும் என்கிற முக்கால் டேங்க் விதிக்காகக் கடற்பாலம் ஏறுவதற்கு முன் உட்லண்ட்ஸில் 12, 15 லிட்டர் ஊற்றுவேன். ஒவ்வொரு தடவைக்கும் வருகிற கி.மீ. கணக்கைச் சேர்த்துச் சராசரி எடுத்ததுதான் அந்த 17.

கணக்குப்பிள்ளை

இப்போது புரிகிறது. உங்கள் காரில் கோளாறு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்தக் கணக்கை வைத்து இரண்டையும் சொல்ல முடியாது.

பம்ப் எப்போது "டக்" என்று நிற்கும் என்பது குழாயை எவ்வளவு ஆழமாகச் செருகினீர்கள், கார் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது, எண்ணெய் எவ்வளவு வேகமாக வருகிறது என்பதைப் பொறுத்தது. அரை லிட்டர், ஒரு லிட்டர் முன்னே பின்னே ஆகும். 36 லிட்டர் ஊற்றும்போது ஒரு லிட்டர் பிசகினால் 3 சதவீதத்துக்கும் குறைவு. 12 லிட்டர் ஊற்றும்போது அதே ஒரு லிட்டர் 8 சதவீதம். லிட்டருக்கு 20 ஓடுகிற கார் அந்த ஒரு பிசகிலேயே 18.5 என்று தெரியும். முக்கால் டேங்க் விதி 1991 முதல் இருக்கிறது, அதை மாற்ற முடியாது. கணக்குப் போடும் விதத்தைத்தான் மாற்ற வேண்டும்.

ஒரு நாள் முழு டேங்க் ஊற்றுங்கள். முதல் "டக்"கில் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் அமுக்கி ஊற்றாதீர்கள். அப்படி ஊற்றினால் ஆவியைப் பிடிக்கிற கரிப்பெட்டிக்குள் எண்ணெய் போய் அது கெடும். அன்றைய ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு எங்கே எத்தனை தடவை ஊற்றினாலும் லிட்டரை மட்டும் எழுதி வாருங்கள். ஆயிரம் கி.மீ. தாண்டியதும் அதே நிலையத்தில், முடிந்தால் அதே பம்பில், மறுபடி முதல் "டக்" வரை நிரப்புங்கள். முதல் நாள் ஊற்றியதை விட்டுவிட்டு மற்ற லிட்டரையெல்லாம் கூட்டி, ஓடிய கி.மீ.யோடு சேர்த்துப் பாருங்கள். பிசகு இரண்டு முனையில் மட்டும்தான் இருக்கும், நடுவில் ஊற்றியதெல்லாம் சரியாகக் கணக்கில் சேர்ந்துவிடும்.

இன்னொன்று, சராசரிகளைச் சேர்த்துச் சராசரி எடுக்கவே கூடாது. 100 கி.மீ. லிட்டருக்கு 10ம், அடுத்த 100 கி.மீ. லிட்டருக்கு 20ம் ஓடினால் மொத்தச் சராசரி 15 ஆகாது. 200 கி.மீ.க்கு 15 லிட்டர் செலவு, அதாவது 13.3. இதனால்தான் நான் 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று எழுதுகிறேன். எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) ஒட்டச் சொல்கிற எரிபொருள் லேபிளிலும் அந்தக் கணக்குதான் இருக்கிறது. உங்கள் 20 என்பது 5.0 லிட்டர், 17 என்பது ஏறக்குறைய 5.9. ஆயிரம் கி.மீ.க்கு 9 லிட்டர் வித்தியாசம். இப்படிப் பார்த்தால் பணம் எவ்வளவு போகிறது என்று உடனே தெரியும்.

குளுவாங் பயணத்தைத் தனியாக எழுதுங்கள். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110ல் போனால் காற்று எதிர்ப்பு நம் ஊர் 90ஐவிட ஒன்றரை மடங்கு. இந்த வருஷம் ஊருக்குப் போவது கூடியிருந்தால் சராசரி இறங்கியதில் அதற்கும் பங்கு உண்டு.

திரை கொஞ்சம் கூட்டிச் சொல்வது பெரும்பாலான கார்களில் சகஜம். அது இன்றைக்கும் நேற்றைக்கும் ஒப்பிட உதவும், பணக் கணக்குக்கு உதவாது.

தெம்பனிஸ் தம்பி

அண்ணே, 98 ஆக்டேன் பெட்ரோல் ஊத்திப் பாருங்க. என் நண்பர் ஹைபிரிட்டுக்கு அதுதான் ஊத்துறார், கார் நல்லா இழுக்குதாம்.

கணக்குப்பிள்ளை

தம்பி, கையேட்டில் 95 போதும் என்று இருந்தால் 98 ஊற்றி மைலேஜ் கூடப்போவதில்லை. ஆக்டேன் எண் என்பது நேரத்துக்கு முன் வெடிக்காமல் தாங்குகிற திறன். லிட்டருக்குள் இருக்கிற சக்தியின் அளவு வேறு விஷயம். அதோடு 2021 பட்ஜெட்டில் பெட்ரோல் வரி உயர்ந்தபோது 98க்கு லிட்டருக்கு 79 காசு, 92, 95க்கு 66 காசு என்று ஆனது. வரியிலேயே 13 காசு கூட. அந்தக் காசை டயரில் காற்றடிக்கச் செலவு செய்தாலும் பலன் உண்டு, காற்று இலவசம் என்பது வேறு.

சிராங்கூன் ஓட்டுநர்

தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறேன், நாள் முழுக்க ஹைபிரிட்தான். ஓட்டும் முறை பற்றி என் பங்குக்குச் சொல்கிறேன்.

மின்சாரத்தில் மட்டும் ஓடுவதைக் காட்டுகிற பச்சை ‘இவி’ விளக்கு எரிய வேண்டும் என்று எறும்பு மாதிரி ஊர்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். பேட்டரியில் இருக்கும் மின்சாரம் எஞ்சின் எண்ணெய் குடித்துச் செய்ததுதான், பிரேக்கில் திரும்பக் கிடைத்தது போக. அதை உள்ளே வைக்கும்போது ஒரு நட்டம், வெளியே எடுக்கும்போது இன்னொரு நட்டம். சிக்னல் பச்சையானால் கூச்சப்படாமல் மிதமாக மிதித்து 50, 60க்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு காலைத் தளர்த்தி உருள விடுங்கள். எஞ்சின் நன்றாக வேலை செய்யும் அளவில் கொஞ்ச நேரம் ஓடி அணைந்துவிடும். நிறுத்த வேண்டிய இடம் தூரத்தில் தெரியும்போதே மெதுவாக, நீளமாகப் பிரேக் பிடியுங்கள். அந்த நீளத்தில்தான் மின்சாரம் திரும்ப வரும். கடைசி நிமிஷத்தில் அழுத்தினால் பிரேக் பேடு தேய்ந்து, அந்தச் சக்தி சூடாகப் போய்விடும்.

சிவப்பு விளக்கில் ‘என்’ (நியூட்ரல்) போடாதீர்கள். பல ஹைபிரிட்டில் ‘என்’னில் பேட்டரி சார்ஜ் ஆகாது, ஏர்கான் மட்டும் இழுத்துக்கொண்டே இருக்கும். ‘பி’ எழுத்துள்ள எஞ்சின் பிரேக் கியர் நீண்ட இறக்கத்துக்கானது. கேமரன் மலை இறங்கும்போது அது வேண்டும், தோபாயோவில் வேண்டாம்.

விரைவுச்சாலையில் 90க்குப் பதில் 80ல் இடது தடத்தில் போங்கள். காற்று எதிர்ப்பு ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஈசூனிலிருந்து ஜூரோங்குக்கு அது சில நிமிஷ வித்தியாசம்தான்.

காக்கி புக்கிட் மெக்கானிக்

ஈசூன் தம்பி, அந்த இரைச்சல்தான் இங்கே முக்கியமான துப்பு. அதை நீங்க கவனிச்சுச் சொன்னது நல்லதாப் போச்சு.

பின்சீட்டுக்குக் கீழேயோ பக்கத்துலயோ ஒரு சின்ன கிரில் இருக்கும். உங்க மாதிரி காரில் ஹைபிரிட் பேட்டரிக்குக் குளிர்ச்சி அது வழியாத்தான் போகுது. காருக்குள்ள இருக்கிற காத்தை ஒரு விசிறி இழுத்து பேட்டரி மேல விடும். கிரிலுக்குப் பின்னாடி ஒரு ஃபில்டர் உண்டு. வருஷக்கணக்கா சர்வீஸ் பண்றவங்ககூட அதைத் திறக்கிறதில்லை. சீட்டுத் துணியோட நூல், தலைமுடி, தூசி எல்லாம் அதுல படிஞ்சு போர்வை மாதிரி ஆயிடும். காத்து போகலைன்னா பேட்டரி சூடாகும். விசிறி முழு வேகத்துல கத்தும். சூடு ஏற ஏற கம்ப்யூட்டர் பேட்டரிக்குள்ள விடுற மின்சாரத்தையும் வெளியே எடுக்கிறதையும் குறைக்கும், பேட்டரியைக் காப்பாத்த. அப்ப பிரேக்குல வர்ற மின்சாரம் சரியா உள்ளே போகாது, எஞ்சின் அடிக்கடி கிளம்பும். விளக்கு எரியிற அளவுக்குப் போகாம மைலேஜ் மட்டும் விழுறதுக்கு இதுவே போதும். காலையில சத்தமில்லை, வெயில்ல நின்ன கார்ல மதியம் சத்தம் வருதுன்னா இதைத்தான் முதல்ல பார்க்கணும்.

கிரிலை மெதுவா நெம்பி எடுங்க, கிளிப் உடையாம. ஃபில்டரை வெளியே வச்சுத் தட்டி, வாக்குவம் கிளீனரால உறிஞ்சி எடுங்க. ரொம்ப மோசம்னா புதுசு வாங்குங்க. விலை அதிகமில்லை. உள்ளே விசிறியைத் தொட வேண்டாம், ஆரஞ்சு நிற வயர் எதையும் கண்டிப்பாத் தொடாதீங்க, அது உயர் மின்னழுத்தம்.

ஏர்கானைக் கஞ்சத்தனமா வைக்காதீங்க. காருக்குள்ள சூடுன்னா பேட்டரி இழுக்கிறதும் சூட்டுக் காத்துதான். வெயில்ல நின்ன காரில் ஏறினதும் கண்ணாடியை இறக்கி ஒரு நிமிஷம் ஓட்டிட்டு அப்புறம் 24, 25ல வைங்க. 19ல வச்சு நடுங்க வேண்டியதில்லை.

பேட்டரியைப் பத்தி உண்மையிலேயே தெரியணும்னா ஓபிடி ரீடர் (கார் கம்ப்யூட்டர் தர்ற தகவலைப் படிக்கிற கருவி) மாட்டி ஒவ்வொரு பகுதியோட வோல்ட்டேஜையும் பார்க்கணும். பழைய பிரியஸ்ல 7.2 வோல்ட் துண்டு 28 சேர்ந்து 201.6 வோல்ட். அதை ஜோடி ஜோடியா 14 பகுதியா கம்ப்யூட்டர் கண்காணிக்கும். கெட்ட பேட்டரின்னா, நல்லா மிதிக்கும்போது ஒரு பகுதி மட்டும் மத்ததை விட்டுத் தனியாக் கீழே போகும். திரையில பேட்டரி சார்ஜைக் காட்டுற பட்டை சடசடன்னு ஏறி சடசடன்னு இறங்குறதும் ஒரு அறிகுறி. இதெல்லாம் பார்க்காம "மாத்து"ன்னு சொன்னா நம்பாதீங்க.

டயர் காத்தை கார் ஓட்டாத நேரத்துல, காலையில பாருங்க. ஓட்டுநர் கதவுத் தூண்ல ஸ்டிக்கர் இருக்கும், அதுல என்ன போட்டிருக்கோ அது. ஓட்டின உடனே அளந்தா 3, 4 பிஎஸ்ஐ கூடக் காட்டும், சரியா இருக்குன்னு நினைச்சுடுவீங்க. கடைசியா, பிகேஇ முழுக்க ஓட்டி வந்து, பிரேக் அதிகம் பிடிக்காம நிறுத்தி, நாலு ரிம் பக்கத்துலயும் கையைக் கொண்டுபோங்க. தொட வேண்டாம். ஒண்ணு மட்டும் அனல் அடிச்சா பிரேக் பிடிச்சுக்கிட்டு ஓடுது. ஹைபிரிட்ல பிரேக் பேடுக்கு வேலை குறைவு, அதனாலயே நம்ம ஊர் ஈரத்துல, பேடை அழுத்துற காலிப்பரோட ஊசி (pin) துருப்பிடிச்சு இறுகிக்கும்.

ஈசூன்வாசி

எல்லாருக்கும் மிக்க நன்றி. பார்த்ததைச் சொல்கிறேன்.

கிரிலைக் கழற்றினேன். ஃபில்டர் சாம்பல் நிறத்தில் கம்பளித் துணி மாதிரி இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மறுபக்கம் தெரியவில்லை. ஒரு ஓரத்தில் பழைய கார்பார்க் கூப்பன் காகிதத் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கூப்பன் இந்த கார் வாங்கிய காலத்தில் பயன்படுத்தியது. புதிய ஃபில்டர் போட்டேன். மறுநாள் மதியம் ஜூரோங்கில் திறந்தவெளியில் நின்ற காரை எடுத்தேன். விசிறிச் சத்தம் தொடக்கத்தில் கொஞ்சம் வந்து தணிந்துவிட்டது.

நண்பரின் ரீடரை மாட்டிப் பார்த்தோம். மேட்டில் நன்றாக மிதித்தபோதும் எல்லாப் பகுதியும் ஒன்றாகவே இறங்கின, எதுவும் தனியாக விழவில்லை. டயர் நான்கிலும் ஸ்டிக்கர் சொல்வதைவிட 5 பிஎஸ்ஐ குறைவு, சரி செய்தாகிவிட்டது. பின் இடது ரிம் மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகச் சூடு.

கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்ன முறையில் சிங்கப்பூர் ஓட்டத்தை மட்டும் எடுத்துப் பார்த்ததில் இப்போது 100 கி.மீ.க்கு 5.3 லிட்டர், அதாவது லிட்டருக்கு 19க்குக் கொஞ்சம் குறைவு. இன்னும் ஆயிரம் கி.மீ. ஆகவில்லை.

காக்கி புக்கிட் மெக்கானிக்

பேட்டரி நல்லா இருக்கு, அந்தக் காசைப் பத்திரமா வச்சுக்குங்க. பின் இடது காலிப்பரைக் கழற்றி, அந்த ஊசியைத் துடைச்சு, பிரேக்குக்கான கிரீஸ் போடச் சொல்லுங்க. வேற கிரீஸ் போட்டா ரப்பர் உப்பிடும். பேடு ஒருபக்கமாத் தேஞ்சிருந்தா ரெண்டு பக்கச் சக்கரத்துக்கும் சேர்த்து மாத்துங்க. உங்களுக்கு எலக்ட்ரிக் ஹேண்ட்பிரேக்குன்னா பின் பிரேக்கை சர்வீஸ் மோடில் (பழுதுபார்க்கிறதுக்கான நிலையில்) வச்சுத்தான் திறக்கணும், அது தெரிஞ்ச பட்டறையாப் பாருங்க.

கணக்குப்பிள்ளை

பிரேக் வேலை முடிந்த அன்றே முழு டேங்க் ஊற்றிப் புதுக் கணக்கைத் தொடங்குங்கள். ஃபில்டரால் எவ்வளவு, பிரேக்கால் எவ்வளவு என்று அப்போதுதான் பிரித்துச் சொல்ல முடியும். மழை நாட்களைப் பக்கத்தில் குறித்து வையுங்கள், ஈரச் சாலையில் டயர் உருள்வது கடினம் என்பதால் அந்த வாரம் எண்ணெய் கூடத்தான் செலவாகும். ஆயிரம் கி.மீ. வந்ததும் எண்ணை இங்கே போடுங்கள்.