ஸ்நார்ட் ரூல்களை கார்டுக்குள் கம்பைல் பண்ணினால் டைமிங் விழுகிறது, ஏன்?

லூனாஸ்காரன்:
வணக்கம். லூனாஸ் பக்கம் ஒரு செம்பனை ஆலையின் நெட்வொர்க்கை நான்தான் பார்க்கிறேன். பழைய 10 ஜி (வினாடிக்கு 10 கிகாபிட்) எஃப்பிஜிஏ கார்டு, அதாவது உள் சர்க்யூட்டை நாமே மாற்றி எழுதக்கூடிய சிப் உள்ள நெட்வொர்க் கார்டு, ஒன்று மலிவாகக் கிடைத்தது. நெட்வொர்க்கில் தாக்குதலைத் தேடும் ஸ்நார்ட் மென்பொருளின் ரூல்களைக் கொடுத்தால் ஒவ்வொன்றையும் சர்க்யூட்டாக மாற்றி ஃபர்ம்வேர் கட்டித் தரும் டூலும் கூடவே வந்தது. நூறு ரூல் வரை சிக்கல் இல்லை. ஆயிரத்துச் சொச்சம் போட்டால் சிந்தசிஸ் (ரூலை லாஜிக்காக மாற்றுவது) தாண்டி, ராத்திரி முழுக்க ரூட்டிங்கில் (சிப்புக்குள் வயர் இழுப்பதில்) உருண்டுவிட்டு, காலையில் ஸ்லாக் மைனஸ் 1.8 நானோ செகண்ட், அதாவது சிக்னல் அவ்வளவு தாமதம், என்று காட்டுகிறது. சிப்பில் பாதி இடம் காலிதான், அப்புறம் ஏன்? ஒரு ஐபி மாறினாலும் மறுபடி ராத்திரி முழுக்கக் காத்திருக்க வேண்டுமா?

பாடாங்செராய்_சிப்:
இடம் மட்டும் இருந்தால் போதாது லா. வருகிற பைட்டை எல்லா ரூலுக்கும் ஒரே சமயத்தில் கொடுக்க வேண்டும், அந்த வயர் ஆயிரம் பக்கம் பிரிகிறது. 10 ஜியில் கிளாக் 156.25 மெகாஹெர்ட்ஸ், அதாவது துடிப்புக்கு 6.4 நானோ செகண்ட், சிப்பின் கடைசி மூலைக்கும் அதற்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

பெரிய செலவு வேறு இடத்தில். ஒரு துடிப்பில் 8 பைட் சேர்ந்து வருகிறது, தேடுகிற சரம் (எழுத்துத் தொடர்) அந்த எட்டில் எதிலிருந்தும் ஆரம்பிக்கலாம், அதனால் ஒரு ரூலுக்கே எட்டு நகல் கட்டவேண்டி வருகிறது. உங்கள் லைன் 1 ஜிக்குள் என்றால் டூலில் 1 ஜி பில்ட் (1 ஜிக்கான ஃபர்ம்வேர் வகை) இருக்கிறதா பாருங்கள். 125 மெகாஹெர்ட்ஸ், துடிப்புக்கு ஒரே பைட், 8 நானோ செகண்ட் அவகாசம், எட்டு நகலும் ஒழிந்தது.

ஐபி, போர்ட் எல்லாம் சர்க்யூட்டில் எழுதவே வேண்டாம். கார்டில் ரெஜிஸ்டர் டேபிள் (மதிப்புகளை எழுதி வைக்கும் அட்டவணை) இருந்தால் அங்கே போடுங்கள், ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம். சரமும் ரெஜெக்ஸும் (சரத்தின் வடிவத்தைச் சொல்லும் விதி) மட்டும் கம்பைலுக்குப் போகட்டும்.

பழைய_வயர்மேன்:
தம்பி, 1 ஜி லைனுக்கு இந்தக் கார்டே எதற்கு? நாலு கோர் உள்ள ஒரு பழைய டெஸ்க்டாப்பில் ஸ்நார்ட் மாதிரியே வேலை செய்யும் சுரிகாட்டாவை, சரங்களை வேகமாகத் தேடும் ஹைப்பர்ஸ்கேன் லைப்ரரியோடு போட்டால் ரூலை மாற்றி ரீலோட் பண்ண டீ ஆறுகிற நேரம்கூட ஆகாது. வெளியே போவது பெரும்பாலும் எச்டிடிபிஎஸ், அதன் உள்ளே கார்டும் பார்க்க முடியாது. அந்த ஆயிரத்தில் உங்களிடம் இல்லாத ஆரக்கிள் டேட்டாபேஸ், வெப் சர்வருக்கான ரூல் எத்தனை இருக்கும், எண்ணிப் பாருங்கள். மொத்தமாக அள்ளிப் போடுகிற பழக்கம் எனக்குப் பிடிப்பதே இல்லை.

லூனாஸ்காரன்:
அண்ணே, எனக்கு வெளியே போவதைவிட உள்ளே பரவுவதுதான் பயம். லோரி எடை மேடை கம்ப்யூட்டர் இன்னும் விண்டோஸ் 7, தராசு சாஃப்ட்வேர் அதில் மட்டும்தான் ஓடும், மாற்ற மேனேஜர் விடமாட்டார். 2017இல் வானாகிரை ரான்சம்வேர் பரவியது விண்டோஸ் ஃபைல் ஷேரிங்கின் 445 போர்ட் வழியாகத்தானே. அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் கார்டை வைத்து அங்கேயே வெட்டிவிடலாம் என்று யோசனை. உள் சுவிட்ச் 1 ஜிதான், மெனுவில் 1 ஜி பில்டும் இருக்கிறது.

பாடாங்செராய்_சிப்:
அப்படியென்றால் 445, அதே ஃபைல் ஷேரிங்கின் பழைய போர்ட்டான 139 சம்பந்தப்பட்ட ரூல்களை மட்டும் பொறுக்குங்கள், சில டஜன் தேறினாலே அதிகம், கம்பைலும் சீக்கிரம் முடியும். ஒரே மாதிரி ஆரம்பிக்கிற சரங்களைச் சேர்த்துக் கட்டும் ஆப்ஷன் டூலில் இருந்தால் அதையும் போடுங்கள்.

பழைய_வயர்மேன்:
சரி, அந்த வேலைக்குக் கார்டு வைக்கலாம். கார்டின் ஃபிளாஷ் மெமரியில் ஃபர்ம்வேரை எழுதும்போது யூபிஎஸ் கண்டிப்பாக இருக்கட்டும், நம்ம ஊர் சாயங்கால இடிக்குக் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. நன்றாக ஓடிய பழைய ஃபர்ம்வேர் இமேஜை கோல்டன் இமேஜாக (அவசரத்துக்கான நகலாக) முதல் பகுதியில் பூட்டி வைத்து, புதியதைப் பின்னால் எழுதுங்கள். பாதியில் நின்றாலும் கார்டு பழையதை எடுத்துக்கொண்டு எழும். அந்த வசதி இல்லாத மாடல் என்றால் முதலில் சிப்பில் நேரடியாக எழுத உதவும் ஜேடேக் கேபிள் ஒன்று வாங்கிவிடுங்கள்.